போடிநாயக்கனூர் மலையடிவாரக் கல்லூரி மாணவர்களும் தமிழ்க் கணினிப் பயன்பாடும்

ஆய்வுச் சுருக்கம்

கல்லூரி மாணவர்களுக்குத் தரப்படும் தொழில்நுட்ப வழிகாட்டல்கள் பெரும்பாலும் மூன்றைக் கருதிக்கொள்கின்றன: இடையறாத இணைய இணைப்பு, சொந்த மடிக்கணினி, ஆங்கிலவழித் தேடல். தேனி மாவட்டம் போடிநாயக்கனூரிலும் அதற்கு மேலுள்ள ஏலமலைச் சரிவுகளிலும் வாழும் மாணவர்களுக்கு இம்மூன்றும் ஒருசேர வாய்ப்பதில்லை. அவர்களுள் தமிழ் இலக்கியம் பயில்வோருக்கு ஏற்ற கணினிப் பயன்பாட்டு முறை எது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. எழுதுதல், தேடுதல், பதிவுசெய்தல் என்னும் மூன்று செயல்களையும் தமிழ் எழுத்தமைப்போடும் புணர்ச்சி இலக்கணத்தோடும் பொருத்திப் பார்த்து, கருவியின் விலையைவிட எழுத்து ஒழுங்கே மாணவரின் ஆய்வுத் தரத்தை முடிவுசெய்கிறது என்பதை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: போடிநாயக்கனூர், ஏலமலை, ஒருங்குறி, தமிழ் 99, தேடல், களப்பதிவு, வட்டார வழக்கு.

முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்தால் பெயர்பெற்ற ஊர். இந்திய நறுமணப்பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையங்கள் இரண்டனுள் ஒன்று இங்கு உள்ளது. மற்றொன்று கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியில் உள்ளது. காய் விளைவது பெரும்பாலும் கேரள எல்லைக்குள். அதைப் பறிக்கும் கைகளோ பலவும் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தவை. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மலைவழிகளில் நாள்தோறும் ஜீப்புகளில் ஏறிச்செல்லும் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து இன்று முதல் தலைமுறைப் பட்டதாரிகள் உருவாகி வருகின்றனர்.

ஊரின் உயர்கல்விச் சூழலும் மலைப்பயிரோடு பிணைந்தது. ஏல விவசாயிகள் சங்கக் கல்லூரி தன் பெயரிலேயே அப்பயிரைத் தாங்கி நிற்கிறது. அரசு பொறியியல் கல்லூரி 2012ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. மதுரைக்கும் போடிக்கும் இடையே 1928 முதல் ஓடிய மீட்டர்பாதை இரயில், அகலப்பாதைப் பணிக்காக 2010ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டு, 2023 ஜூன் 15 அன்றுதான் மீண்டும் போடியை வந்தடைந்தது. அடுத்த மாதமே, ஜூலை 15 அன்று, மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் பயின்ற மாணவர்களுக்கு மாநகர நூலகம் என்பது பேருந்துக் கட்டணத்தாலும் பயண நேரத்தாலும் அளக்கப்பட்ட தொலைவாகவே இருந்தது. அவர்கள் கையில் இருந்த நூலகம் கைப்பேசி ஒன்றே. அதைத் தமிழாய்வுக்குப் பயன்படுத்தும் முறை பாடமாகக் கற்பிக்கப்பட வேண்டியது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

ஆய்வு எல்லையும் முறையும்

தமிழ் இலக்கியப் பட்டப்படிப்பு, முதுகலைப் படிப்பு மாணவர்களின் தேவைகளை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. விளக்கமுறையும் பகுப்பாய்வு முறையும் பின்பற்றப்படுகின்றன. சான்றுகள் தமிழ் எழுத்துக் குறியேற்றம், விசைப்பலகை அமைப்பு, தேடல் நுட்பம் ஆகியவற்றிலிருந்தும், போடிப் பகுதியின் வாழ்க்கைச் சூழலிலிருந்தும் எடுக்கப்பட்டுள்ளன.

1. கருவியும் இணைப்பும்

தமிழ்நாட்டு மாணவர்க்குக் கருவி வழங்கும் அரசு முயற்சிகள் புதியவை அல்ல. விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தில், 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, ஏறத்தாழ 9.69 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிகாபைட் இணையத் தரவு வழங்கும் அறிவிப்பு வெளியானது. 2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. புதுமைப்பெண் (2022), தமிழ்ப் புதல்வன் (2024) திட்டங்களின் மாதம் 1000 ரூபாய் உதவித்தொகையும் பல வீடுகளில் இணையச் செலவுக்குக் கைகொடுக்கிறது.

ஆயினும் தரவுக்குப் பணம் இருப்பதும் அலைவரிசை கிடைப்பதும் வேறுவேறு. கைப்பேசி அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்பவை. மலைமுகடு குறுக்கிட்டால் மறைவில் உள்ள சரிவுக்கு அவை வலுவிழந்தே சென்றுசேரும். விடுமுறையில் பெற்றோருடன் தோட்டத்தில் தங்கும் மாணவருக்கு இணைப்பு நாளில் சில மணி நேரமோ, குறிப்பிட்ட ஒரு மேட்டில் மட்டுமோ கிடைப்பது இயல்பு. எனவே இங்குள்ள மாணவரின் பயன்பாட்டு முறை, இணைப்பு அறுபடுவதை விதிவிலக்காகக் கொள்ளாமல் தொடக்கப் புள்ளியாகவே கொள்ள வேண்டும்.

இதன் நடைமுறைப் பொருள் எளிது. கல்லூரியில் இணைப்பு உள்ள நேரம் திரட்டுவதற்கு உரியது. வீட்டிலும் தோட்டத்திலும் உள்ள நேரம் படிப்பதற்கும் எழுதுவதற்கும் உரியது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் விக்கிமூலம் ஆகியவற்றிலிருந்து வேண்டிய நூல்களை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளலாம். தமிழ் அகராதி, விசைப்பலகை, குறிப்பேடு ஆகியன இணைப்பின்றி இயங்குமா என்பதைத் தோட்டத்துக்குப் புறப்படும் முன்பே, கைப்பேசியை விமானப் பயண நிலையில் வைத்துச் சோதித்துப் பார்ப்பது நலம்.

2. எழுதுதல்: எடை குறைந்த ஊடகம்

இணைப்பு அரிதான இடத்தில் எந்த வடிவில் ஆய்வுப்பொருளைச் சேமிப்பது என்பது முதன்மையான கேள்வி. ஒருங்குறித் தமிழின் ஒவ்வொரு குறிப்புள்ளியும் யு.டி.எஃப்-8 முறையில் 3 பைட் இடம் கொள்கிறது. ‘போடிநாயக்கனூர்’ என்னும் சொல்லில் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் 8. உயிர்மெய்க் குறிகளையும் புள்ளிகளையும் தனித்தனியே எண்ணினால் குறிப்புள்ளிகள் 14. ஆக 42 பைட். ஆங்கில எழுத்தில் அதே பெயர் 13 அல்லது 14 பைட்டில் முடிந்துவிடும். இதனைக் கொண்டு தமிழில் எழுதுவது தரவைக் கூடுதலாகச் செலவழிக்கும் என்று கருதுவோர் உள்ளனர். குறுஞ்செய்தியைப் பொறுத்தவரை அது ஓரளவு உண்மையே: ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 குறிகள் அடங்க, ஒருங்குறித் தமிழில் 70 மட்டுமே அடங்கும்.

ஆனால் மாணவர் உண்மையில் செய்யும் ஒப்பீடு தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே அன்று. தட்டச்சிட்ட பனுவலுக்கும் ஒளிப்படத்துக்கும் இடையே. பக்கத்துக்கு 250 சொற்கள் கொண்ட 50 பக்க ஆய்வேட்டை வெறும் பனுவலாகச் சேமித்தால் அது ஏறக்குறைய அரை மெகாபைட். அதே 50 பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்து, படம் ஒன்றுக்கு 2 மெகாபைட் எனக் கொண்டாலும், 100 மெகாபைட் ஆகிறது. இருநூறு மடங்கு எடையுள்ள இக்கோப்பு வலுவற்ற இணைப்பில் பாதியிலேயே நின்றுவிடும். அதைத் தேடவும் இயலாது, திருத்தவும் இயலாது. ஆகவே மலைச்சரிவு மாணவர் தமிழில் தட்டச்சு செய்யக் கற்பதை மொழிப்பற்றின் அடையாளமாக மட்டும் பார்ப்பது போதாது. அது அவருக்கு வாழ்க்கைச் சிக்கனமும் ஆகும்.

2.1 விசைப்பலகையும் இலக்கணமும்

மாணவர் பலர் ஆங்கில எழுத்துகளை அழுத்தித் தமிழ் பெறும் ஒலிபெயர்ப்பு முறையையே பயன்படுத்துகின்றனர். அம்முறையில் ல, ள, ழ வேறுபாடும் ந, ன, ண வேறுபாடும் ஆங்கில எழுத்தின் பெரிய, சிறிய வடிவங்களை நம்பியோ, கருவி முன்வைக்கும் பரிந்துரையை நம்பியோ நிற்கின்றன. 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ் 99 விசைப்பலகை இதற்கு மாறானது. 12 உயிர், 18 மெய், ஆய்தம் என 31 எழுத்துகளுக்கும் தனித்தனி விசை உண்டு. உயிர்கள் இடக்கையிலும் மெய்கள் வலக்கையிலும் அமைந்துள்ளன. ஒரே மெய்யெழுத்து விசையை இருமுறை அழுத்தினால் முன்னதற்குப் புள்ளி தானே விழுகிறது; ங அடுத்துக் க, ந அடுத்துத் த என இனவெழுத்துகள் வரும்போதும் அவ்வாறே.

மெய்ம்மயக்கம், இனவெழுத்து ஆகிய இலக்கணச் செய்திகளை வகுப்பில் பயிலும் மாணவருக்கு இவ்விசைப்பலகை ஒரு செய்முறைப் பயிற்சி. வலி மிகும் இடத்தில் அவர் தாமே முடிவெடுத்து விசையை இருமுறை அழுத்த வேண்டியுள்ளது. குரல்வழித் தட்டச்சில் இம்முடிவைக் கருவி எடுக்கிறது. நிறுத்தற்குறியையும் ஒற்றையும் பெரும்பாலும் மாணவர் பின்னர் சேர்க்க வேண்டும். குறிப்பெடுக்கக் குரலும் ஆய்வேடு எழுத விரலும் என்னும் பகுப்பு பயன்தரும்.

2.2 கண்ணுக்குத் தெரியாத பிழைகள்

திரையில் ஒன்றாகத் தோன்றும் இரு சொற்கள் கணினிக்கு வேறாக இருத்தல் கூடும். ‘போ’ என்பதில் ஓகாரக் குறியை ஒரே குறிப்புள்ளியாகவும் உள்ளிடலாம்; இரட்டைக் கொம்பு, கால் என இரண்டாகவும் உள்ளிடலாம். ஒருங்குறித் தரம் இவ்விரண்டையும் நிகரானவை என்று வரையறுத்துள்ளது. ஆயினும் அந்நிகர்மையைக் கணக்கில் கொள்ளாத செயலியில் ஊர்ப்பெயரே தேடலில் சிக்காமல் போகும்.

‘பௌர்ணமி’ என்பதைப் ‘பெளர்ணமி’ என்று ளகரமிட்டு எழுதுவது இதனினும் பெரிய சிக்கல். பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறிக்கு ளகர வடிவமே பயன்பட்டதால், மாற்றிகளின் வழியே அது இன்றைய கோப்புகளிலும் புகுந்துவிட்டது. இவை நிகரானவையாக வரையறுக்கப்படவில்லை. எனவே கணினி இதைத் தானே சரிசெய்யாது. பழைய நூற்படங்களிலிருந்து எழுத்துணரி வழியே பெறும் பனுவல்களில் ககரம் ‘சு’ என்றும், கால் ரகரமாகவும் மாறுவது வழக்கம். இத்தகைய பனுவலை மேற்கோளாக எடுக்கும் மாணவர் அச்சுப் பக்கத்தோடு ஒப்பிட்ட பின்னரே ஆய்வேட்டில் சேர்க்க வேண்டும்.

3. தேடுதல்: ‘ஏலம்’ ஒரு சான்று

தேடுபொறியில் தமிழ்ச்சொல் ஒன்றை இட்டு முதலில் வருவதை எடுத்துக்கொள்வது ஆய்வாகாது என்பதை விளக்கப் போடியின் சொல்லே போதுமானது. ‘ஏலம்’ என்பது நறுமணக் காயையும் அதன் செடியையும் குறிக்கும் பழஞ்சொல். கூறி விற்பதைக் குறிக்கும் ‘ஏலம்’ போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்த வேறு சொல். மயிர்ச்சாந்து என்னும் பொருளையும் அகராதிகள் தருகின்றன. போடியில் ஏலமே ஏலத்தில் விற்கப்படுகிறது. ஆதலால் இச்சொல்லை மட்டும் இட்டுத் தேடினால் வங்கி நகை ஏலமும் நில ஏலமும் கலந்து வரும். ‘ஏலக்காய்’ என்று தேடினால் சமையற் குறிப்புகள் முந்தும். ‘ஏலாதி’ என்று தேடினால்தான் பதினெண்கீழ்க்கணக்கு நூலும், அதற்குப் பெயரளித்த ஆறு சரக்குகள் கொண்ட மருந்தும் கிடைக்கும்.

‘போடி’ என்னும் சுருக்கப் பெயருக்கும் இதே நிலை. பெண்ணை விளித்து ஏவும் சொல்லோடு அது மயங்குகிறது. முழுப்பெயரும் போடிநாயக்கனூர், போடிநாய்க்கனூர் எனத் தமிழில் இருவகையாகவும், ககரம் ஒற்றையாகவும் இரட்டையாகவும் ஆங்கிலத்தில் இருவகையாகவும் எழுதப்படுகிறது. எல்லா வடிவங்களையும் தனித்தனியே தேடாத மாணவர் தம் ஊரைப் பற்றிய ஆவணங்களில் ஒரு பகுதியை இழந்துவிடுவார். தொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் இடுதல், வேண்டாத சொல்லுக்கு முன் கழித்தல் குறி இடுதல், குறிப்பிட்ட தளத்துக்குள் மட்டும் தேடுதல் ஆகிய மூன்று உத்திகளும் இங்கே உதவும்.

3.1 புணர்ச்சியும் தேடலும்

தரவிறக்கிய கோப்புக்குள் தேடும்போது இலக்கண அறிவு நேரடியாகப் பயன்படுகிறது. ‘ஏலம்’ வேற்றுமை ஏற்கும்போது ‘ஏலத்தை’, ‘ஏலத்தின்’ என அத்துச்சாரியை பெறுகிறது. இவ்வடிவங்களில் ‘ஏலம்’ என்னும் எழுத்துத் தொடர் இல்லை. ‘ஏல’ என்று மட்டும் தேடினால் இவை அனைத்தும் சிக்கும். கூடவே ‘ஏலாது’, ‘ஏலும்’ ஆகிய தொடர்பற்ற சொற்களும் வரும். அவற்றை மாணவர் படித்து விலக்க வேண்டும்.

நிலைமொழியோடு புணர்ந்த வடிவம் இதனினும் நுட்பமானது. மலை என்பதன் பின் ஏலம் வந்தால் யகர உடம்படுமெய் தோன்றி ‘மலையேலம்’ ஆகிறது. கணினியைப் பொறுத்தவரை சொல்முதல் ‘ஏ’ வேறு. யகரத்தின் மீது ஏறிய ஏகாரக் குறி வேறு. எனவே ‘ஏல’ என்னும் தேடல் ‘மலையேலம்’ என்பதைக் காட்டாது. ‘யேல’ என்றும் தேட வேண்டும். வகர உடம்படுமெய் பெறும் இடங்களுக்கு ‘வேல’ என்றும் தேட வேண்டும். அப்போது ‘வேலன்’, ‘வேலை’ எனப் பலவும் வந்து குவியும். புணரியலைப் பயின்ற மாணவரால்தான் இத்தேடலைத் திட்டமிட முடியும். தேர்வுக்குரிய பாடமாக மட்டும் கருதப்படும் புணர்ச்சி விதிகள் மின்னூலகத்தின் திறவுகோலாகவும் அமைவதை வகுப்பறையில் காட்டுவது எளிது.

பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் தொகுக்கும் ஷோத்கங்கா தளத்திலும் ஒரு தடை உண்டு. படக்கோப்பாக ஏற்றப்பட்ட தமிழ் ஆய்வேடுகளுக்குள் சொல் தேட இயலாது. ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சிட்டவற்றைப் படியெடுத்தால் பொருளற்ற குறிகளே கிடைக்கும். அங்குத் தலைப்பு, ஆய்வாளர் பெயர், துறை ஆகியவற்றின் வழியே அணுகுவதே முறை.

4. பதிவுசெய்தல்: மலைத்தொழிலின் சொற்கள்

போடிப் பகுதி மாணவருக்கு மாநகர மாணவருக்கு இல்லாத ஒரு செல்வம் உண்டு. ஏலத்தோட்ட வேலையின் சொற்கள் அவர் வீட்டிலேயே பேசப்படுகின்றன. செடி, மண், மழை, காய் எடுப்பு, பச்சைக்காயை உலர்த்துதல், அளவுவாரியாகப் பிரித்தல், கூலி, ஜீப்புப் பயணம் எனத் தொழிலின் ஒவ்வொரு படிநிலையிலும் தமிழும் மலையாளமும் கலந்த வழக்குகள் புழங்குகின்றன. பறித்த காய் இயந்திர உலர்த்திக்கும் விற்பனை மின்னணு ஏலத்துக்கும் மாறிய பிறகு, பழைய முறைகளோடு சேர்ந்த சொற்கள் முதியோர் நினைவில் மட்டுமே எஞ்சும் நிலை வரக்கூடும். அவற்றைத் திரட்டும் வாய்ப்பும் பொறுப்பும் இம்மாணவருக்கே முதலில் உரியன.

ஒலிப்பதிவுக்குக் கைப்பேசி போதும். வடிவத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். சுருக்கப்படாத ஒற்றைத்தட ஒலி, நொடிக்கு 44,100 மாதிரிகளும் மாதிரிக்கு 16 பிட்டும் என்னும் அளவில், நிமிடத்துக்கு ஏறத்தாழ 5.3 மெகாபைட், ஒரு மணி நேரத்துக்கு 317 மெகாபைட் அளவில் வரும். நொடிக்கு 64 கிலோபிட் அளவில் சுருக்கிய கோப்பு ஒரு மணி நேரத்துக்கு 29 மெகாபைட்டுக்குள் அடங்கும். ஒலியியல் ஆய்வுக்கு முன்னது வேண்டும். சொற்றொகுப்புக்குப் பின்னது போதும். கோப்பின் பெயரில் நாள், இடம், பொருள் ஆகியவற்றை வைத்து, அன்றைக்கே மற்றொரு கருவியில் படியெடுத்து வைப்பது இன்றியமையாதது.

எழுத்தாக்கத்தில்தான் உண்மையான இழப்பு நேர்கிறது. மதுரை, தேனி வட்டாரத்தில் ‘வந்தாய்ங்க’ என்று வழங்கும் வினைமுற்றைக் குரல்வழித் தட்டச்சோ சொற்பரிந்துரையோ ‘வந்தாங்க’ என்றோ ‘வந்தார்கள்’ என்றோ மாற்றிவிடக்கூடும். மாணவர் அதைத் திருத்தம் என்று ஏற்றுக்கொண்டால், அவர் பதிவுசெய்யப் புறப்பட்ட வட்டாரச் சான்றே அழிந்துவிடும். தம் வீட்டுப் பேச்சு பிழையானது என்னும் எண்ணமும் அவர் மனத்தில் வேர்விடும். ஆதலால் வழக்குப் பனுவல்களை எழுத்தாக்கும்போது தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவைத்து, கேட்டதைக் கேட்டபடியே தட்டச்சிட வேண்டும்.

4.1 ஒப்புதலும் பாதுகாப்பும்

தகவலாளியின் குரல் அவருக்கே உரியது. பதிவுக்கு முன் நோக்கத்தைச் சொல்லி ஒப்புதல் பெறுதலும், அந்த ஒப்புதலையே ஒலியாகப் பதிந்து வைத்தலும் களப்பணி அறம். கூலி, முதலாளி, எல்லைப் பிரச்சினை ஆகியன பற்றிய பேச்சு வெளியானால் தொழிலாளியின் வேலைக்கே ஊறு நேரலாம். அத்தகைய பகுதிகளில் பெயரையும் தோட்டத்தையும் நீக்கி ஆளுதல் வேண்டும். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதலையே அடிப்படையாகக் கொண்டது.

மலைக்குள் செல்லும் மாணவரின் பாதுகாப்பும் கருதத்தக்கது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேற்றத்துக்கு வந்தவர்களுள் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். செயற்கைக்கோள் வழி இடங்காட்டி கைப்பேசி இணைப்பின்றியும் இயங்கும் என்பதால் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்தல் உதவும். ஆனால் எந்தத் திசையில் தீ வருகிறது என்பதை அவ்வரைபடம் சொல்லாது. வனத்துறையின் இசைவு, உள்ளூர் அறிந்த துணை, திரும்பும் நேரத்தைத் துறையில் எழுதி வைத்தல் ஆகிய மூன்றுக்கும் கருவி மாற்றாகாது.

வளாகத்துக்குள் வரும் கேடு வேறுவகையானது. உதவித்தொகை என்ற பெயரில் ஒருமுறைக் கடவுஎண்ணைக் கேட்டு வரும் அழைப்புகள் முதல் தலைமுறை மாணவரை எளிதில் ஏமாற்றக்கூடும். பணம் இழந்தவுடன் 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதைத் துறையின் அறிவிப்புப் பலகையிலேயே எழுதி வைக்கலாம்.

5. செயற்கை நுண்ணறிவும் ஆய்வு நேர்மையும்

2022இன் இறுதியிலிருந்து பரவலான உரையாக்கக் கருவிகள் தமிழிலும் விடையளிக்கின்றன. இல்லாத நூலையும் இல்லாத பாடலடியையும் உறுதியான நடையில் அவை தரக்கூடும் என்பதே இலக்கிய மாணவர் அறிய வேண்டிய முதற்செய்தி. கருவி தரும் ஒவ்வொரு மேற்கோளையும் மூலநூற் பதிப்பில் கண்டறியாமல் ஆளக்கூடாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு நெறிமுறைகள் ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனையின்றி விட்டு, அதற்குமேல் படிநிலைகளாக நடவடிக்கை வகுத்துள்ளன. ஆனால் விழுக்காடு குறைவாக இருப்பது நேர்மைக்குச் சான்றாகாது. எழுத்துரு மாறிய பனுவலையும் மொழிபெயர்த்த பனுவலையும் ஒப்புமை மென்பொருள் காணத் தவறலாம். மாணவரின் களக்குறிப்பும் ஒலிப்பதிவும் வரைவுப் படிகளும் நாள்வாரியாக இருப்பதே அவர் உழைப்புக்கு உறுதியான சான்று. தம் தாயிடம் கேட்டுத் தொகுத்த தொழிற்சொல்லை எந்தக் கருவியும் அவருக்கு எழுதித் தர இயலாது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. மலையடிவார மாணவருக்கான தொழில்நுட்ப வழிகாட்டல் இணைப்பு அறுபடுவதை அடிப்படையாகக் கொண்டு அமைய வேண்டும். திரட்டும் நேரமும் எழுதும் நேரமும் பிரிக்கப்பட வேண்டும்.

2. தட்டச்சிட்ட ஒருங்குறிப் பனுவல் ஒளிப்படத்தைவிடப் பன்மடங்கு எடை குறைந்தது. ஆகவே தமிழ்த் தட்டச்சுத் திறன் இம்மாணவருக்குப் பொருளாதாரத் தேவையும் ஆகும்.

3. புணர்ச்சி, சாரியை, உடம்படுமெய் ஆகிய இலக்கணக் கூறுகள் மின்பனுவல் தேடலில் நேரடிப் பயன் தருகின்றன. இலக்கணத் தாளின் செய்முறைப் பகுதியாக இவற்றைச் சேர்க்கலாம்.

4. தானியங்கித் திருத்தம் வட்டார வழக்கைப் பொதுவழக்காக மாற்றும் இயல்புடையது. களப்பதிவில் அதைத் தவிர்ப்பது சான்றைக் காப்பதாகும்.

5. ஏலத்தோட்டத் தொழிற்சொற்களைத் தொகுக்கத் தகுதியானவர்கள் அத்தொழிலாளர் குடும்பங்களிலிருந்து வரும் மாணவர்களே. துறைகள் பருவந்தோறும் சிறு சொற்றொகுப்புப் பணியை ஒப்படைத்து, ஒருங்குறிக் கோப்பாகச் சேமித்துவந்தால், சில ஆண்டுகளில் அது தொழிற்கலைச்சொல் அகராதி ஒன்றுக்கு அடித்தளமாகும்.

பயிரைப் பற்றிய செய்திகள் விலைப்பட்டியலாக ஏற்கெனவே கணினியில் ஏறிவிட்டன. அதைப் பறிப்போரின் மொழி இன்னும் முழுமையாக ஏறவில்லை. அப்பணிக்குரிய கருவி மாணவரின் கையில் உள்ளது. அதற்குரிய இலக்கணம் அவர் பாடத்திட்டத்தில் உள்ளது. இரண்டையும் இணைப்பது தமிழ்த்துறைகளின் கடமை.